முசே எதையும் கேட்டதில்லை

எங்கள் தெருமுனையில் மூன்று வாரமாக ஒரு பேனர் தொங்குகிறது. கண்ணீர் அஞ்சலி. நீலக் கோட்டும் நெஞ்சில் பதக்கங்களுமாக ஒரு முதியவர் சிரிக்கிறார். படத்துக்குக் கீழே, 'வாழ்நாள் முழுவதும் யாருக்கும் எந்தத் தொந்தரவும் தராத பெருந்தகை' என்று தங்க நிறத்தில் எழுதியிருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் போகும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் என் ஸ்கூட்டி அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தி அந்த ஒரு வரியை மட்டும் பிளேடால் கீறி எடுத்துவிடலாமா என்று கை துறுதுறுக்கிறது. படம் இருந்துவிட்டுப் போகட்டும், சிரித்துக்கொண்டு.

பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என் அப்பாவே என்னோடு பேச மாட்டார். மூலக்குளத்தில் எங்கள் தெருவே அவரை முசே என்றுதான் கூப்பிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் மரியாதைக்குச் சொல்லும் ஒரு வார்த்தை எங்கள் ஊர் வாயில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். முசே அப்படி ஒரு சொல்தா. ராணுவத்துக்கு அப்புறமும் அங்கேயே இருந்து, மொத்தம் முப்பது வருஷத்துக்கு மேல் பிரான்சில் கழித்தவர். மனைவி அங்கே தவறிவிட்டார். பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இவர் மட்டும் திரும்பி வந்து மாடி வீடு கட்டி, மேலே தான் இருந்துகொண்டு கீழ்ப் பகுதியை எங்களுக்கு வாடகைக்கு விட்டார். நான் அப்போது ஒரு டிரைவிங் ஸ்கூலில் ஆபீஸ் வேலை பார்த்தேன். அப்பா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டாஃப் பஸ் டிரைவர். அம்மா வீட்டில்.

முசே யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இது உண்மைதான். பேனர் எழுதியவன் பொய் எழுதவில்லை. ஆனால் அவர் எப்படிக் கேட்காமல் இருந்தார் என்பது அவனுக்குத் தெரியாது, கீழ் வீட்டில் குடியிருந்த எங்களுக்குத்தான் தெரியும்.

கேட்க மாட்டார், கையில் கொடுப்பார். அதற்கு முன்னாலேயே நன்றி சொல்லிவிடுவார். கேஸ் புத்தகத்தை அம்மாவின் கையில் வைத்து "மெர்சி" என்பார். சிலிண்டர் பதிய வேண்டும் என்றோ, சிலிண்டர்காரன் வரும்போது அதை மாடிக்கு ஏற்றச் சொல்ல வேண்டும் என்றோ ஒரு வார்த்தை வராது. கரண்ட் அட்டையை அப்பாவின் கையில் வைத்து "மெர்சி". வாரா வாரம் சனிக்கிழமை ஒயர் கூடையை என் ஸ்கூட்டி கொக்கியில் மாட்டிவிட்டு, தொப்பியைக் கொஞ்சம் தூக்கி, "மெர்சி, மம்ஸெல்". மம்ஸெல் நான்; வஞ்சிரம் வாங்கி வா என்று அந்த மெர்சிக்கு அர்த்தம். நன்றியை வாங்கிக்கொண்ட பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஏழு வருஷத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தெருவில் யாரும் சொன்னதில்லை. 'எவ்வளவு மரியாதையான மனுஷன்' என்றுதான் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

நல்லதும் செய்தார். அதை மறைத்தால் எனக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் இருந்து ஒரு விடியற்காலை வலியில் துடித்தபோது, ஆட்டோவுக்கு அப்பா தெருவில் ஓடிக்கொண்டிருக்க, முசே பைஜாமாவோடு இறங்கி வந்து தன் காரை எடுத்தார். அன்றைக்கு முழுக்க ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போங்கள் என்று அப்பா கெஞ்சியும் போகவில்லை. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் என் வாயை அடைப்பாள்.

ஆனால் அந்தப் பயணத்தில் நான் வேறொன்றையும் பார்த்தேன். வில்லியனூர் ரோடு காலியாகக் கிடந்தது. முன்னால் ஒரு வண்டி இல்லை. கார் மெதுவாக, ஏதோ அதுவே முடிவு பண்ணியதுபோல, வலது பக்கத்துக்குப் போய் அங்கேயே ஓட ஆரம்பித்தது. பக்கத்து சீட்டில் இருந்த அப்பா, "சார், லெஃப்ட்ல" என்றார். முசே சட்டென்று ஒடித்து இடப்பக்கம் வந்தார்.

"முப்பது வருஷப் பழக்கம். அங்க எல்லாம் வலது பக்கந்தானே" என்று சிரித்தார். "கூட்டத்துல வராது. ரோடு காலியா இருந்தா கை தானா போயிடுது."

பின் சீட்டில் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வேலையே அதுதான். ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்தபடியே, எல்.எல்.ஆர். எடுக்க வருகிறவர்களில் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் இடது பக்கம், இடது பக்கம் என்று சொல்லிக்கொண்டிருப்பவள் நான்.

அடுத்த வாரமே மாடிக்குப் போனேன். அவரிடம் நம் ஊர் லைசன்ஸ் இல்லை என்பது எனக்குத் தெரியும். பிரான்சில் வாங்கிய ரோஸ் கலர் தாள் ஒன்றுதான் வைத்திருந்தார். மூன்றாக மடித்த தாள். உள்ளே மீசை அரும்பிய வயதில் எடுத்த போட்டோ. அதைப் பெர்மி என்பார். நெல்லித்தோப்பு சிக்னலில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தியபோது அதை விரித்துக் காட்டியதும், அவர் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டு சல்யூட் அடித்து அனுப்பியதும் முசேக்கு ரொம்பப் பிடித்த கதை. வருகிற விருந்தாளிக்கெல்லாம் அந்த சல்யூட்டை எழுந்து நின்று அடித்துக் காட்டுவார்.

"முசே, நீங்க இங்கியே வந்து தங்கிட்டீங்க. வெளிநாட்டு லைசன்ஸ் சுத்திப் பாக்க வர்றவங்களுக்குத்தான். நம்ம ஊருது எடுத்துடுங்க. நானே எழுதித் தரேன். டாக்டர் சர்டிபிகேட் ஒண்ணு, ஆபீசர் முன்னாடி ஒரு தடவை ஓட்டிக் காட்டணும். அவ்ளோதான்."

அவர் பெர்மியை விரித்து மேஜையில் வைத்தார்.

"இதுல முடியுற தேதி எங்க போட்டிருக்குதுன்னு பாரு."

"போடல."

"சாவுற வரைக்கும் செல்லும். உங்க ஆபீஸ்ல என் வயசுக்கு எத்தினி வருஷம் குடுப்பாங்க?"

"அஞ்சு."

"அப்போ எது பெரிசு?"

"பெரிசு சின்னது இல்ல முசே. இங்க எது செல்லும்னு பாக்கணும். நான் அங்க குடி போயி, நம்ம ஊர் லைசன்ஸ வச்சிக்கினு வருஷக்கணக்கா ஓட்டுனா விடுவாங்களா?"

"விட மாட்டான்" என்றார், பெருமையாக. "ஒரு வருஷத்துக்குள்ள மாத்திக்கணும். இல்லன்னா கரெக்டா புடிப்பான். அங்க சட்டம்னா சட்டம்."

"அப்போ இங்க?"

முசே சிரித்தார். "இங்கதான் நாம இருக்கோமே" என்றார்.

அந்த 'நாம' யார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. நானும் சிரித்துவிட்டு இறங்கி வந்தேன். அப்புறமும் இரண்டு மூன்று தடவை சொன்னேன். கடைசித் தடவை, என் கையில் தபாலில் போட வேண்டிய ஒரு கவரைக் கொடுத்து மெர்சி சொன்னார். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியபோது வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. கூட வேலை பார்த்தவர்கள் சிலர் குடிக்கப் போனார்கள், சிலர் செக்யூரிட்டி வேலைக்குப் போனார்கள். அப்பா ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டார். முதலில் வேன், பிறகு ஹெவி லைசன்ஸ், பிறகு கம்பெனி பஸ். அந்த பஸ்ஸில் பன்னிரண்டு வருஷம் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஷிப்டு முடிந்து வரும் பெண்கள் அவர் பஸ் என்றால் ஏறினதுமே தூங்கிவிடுவார்கள். அதை அவர் எங்களிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் வாழ்க்கையில் தானாகச் சம்பாதித்த ஒரே மரியாதை அந்த லைசன்ஸ்தான். மில்லை மூடினமாதிரி இதை யாரும் மூட முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு விடியற்காலை அப்பா டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முசே கடற்கரையில் நடக்கச் சற்று முன்னால்தான் காரில் கிளம்பிப் போயிருந்தார். அப்பாவின் போன் அடித்தது. "சரி சார், சரி சார்" என்று சட்டைப் பொத்தானைப் போட்டபடியே ஓடினார். நான் பின்னாலேயே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேருகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான்.

ரோடு முழுக்க மீன். நெத்திலியும் சங்கராவும் தாரில் சிதறிக் கிடந்தன. ஒரு மொபெட் வளைந்து கிடந்தது. வைத்திக்குப்பத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவந்து எங்கள் பக்கம் விற்கிற அக்கா, நாங்கள் எல்லாரும் வாங்குகிற அந்த அக்கா, ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை. முசேயின் கார் வலது பக்கத்தில் நின்றது. வலது பக்கத்தில் என்றால், அவள் வந்துகொண்டிருந்த பக்கத்தில், அவளுக்கு நேராக. யாரும் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்பாவும் ஒரு பால்காரரும் அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். நான் கூடவே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதனால் அதற்குப் பிறகு ரோட்டில் நடந்ததை நான் பார்க்கவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அப்பா ஸ்டேஷனிலிருந்து ஜாமீனில் திரும்பியிருந்தார். ஜாமீன் எதற்கு என்று கேட்டேன். கார் ஓட்டியது தான் என்று எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார்.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவரு உங்கள அப்படிச் சொல்லச் சொன்னாரா?"

"இல்லம்மா. அவரு ஒண்ணும் கேக்கல."

"பின்ன?"

"சாவிய என் கையில குடுத்தாரு."

"குடுத்து?"

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். "மெர்சின்னாரு" என்றார்.

நான் மாடிப்படி ஏறினேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள், உதறிவிட்டு ஏறினேன். முசே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பெண்கள் வந்தால் எழுந்து நிற்பவர் அவர். கத்திவிட்டு வரலாம் என்று போன எனக்கு, எழுந்து நிற்கிற கிழவரிடம் எப்படிக் கத்துவது என்று தெரியவில்லை. அதுவும் எனக்கு இப்போது கோபமாகத்தான் இருக்கிறது.

"எங்கப்பாவோட லைசன்ஸ் போயிடும், தெரியுமா உங்களுக்கு?"

"உக்காரு மம்ஸெல்."

"உக்கார மாட்டேன்."

"நீ இந்த வேலையில இருக்கிறவ, உனக்கே தெரியும். என் பேப்பர்ல கேஸ் போனா இன்சூரன்ஸ்காரன் லைசன்ஸே இல்லன்னு இழுப்பான். அந்தம்மாவுக்கு ஒண்ணும் கிடைக்காது. வருஷக்கணக்கா அலையணும். உங்கப்பாகிட்ட முறையான லைசன்ஸ் இருக்குது. அந்தப் பொம்பள நல்லா இருக்கட்டும்னுதான்."

அவர் சொன்னது உண்மை. என்னை எரிப்பது அதுதான். முழுப் பொய் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போயிருப்பேன். இரண்டு வருஷமாக நான் தொண்டை வறளச் சொன்ன சட்டம் அத்தனையும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாதவர் மாதிரி ரோஸ் தாளை விரித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார். இப்போது அதே சட்டத்தை எனக்கே திருப்பிச் சொல்கிறார், அடிபட்டவளின் பேரில்.

"அது தெரிஞ்சவரு ஒரு சனிக்கிழமை என்கூட வந்திருக்கலாம்ல?" என்றேன்.

முசே திரும்பி ஜன்னலைப் பார்த்தார். "உங்கப்பா பெரிய மனுஷன்" என்றார்.

அப்பாவைப் பெரிய மனுஷன் ஆக்கிவிட்டார். பெரிய மனுஷன் பின்வாங்க முடியாது இல்லையா? அவ்வளவு கெட்டிக்காரர்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் ஒரு முடிவோடுதான் போனேன். அடிபட்டவள் உண்மையைச் சொன்னால் அப்பா என்ன எழுதிக் கொடுத்திருந்தாலும் நிற்காது. லைசன்ஸ் ஆபீசுக்குத் தினம் போகிறவள் நான், யாரிடம் பேச வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். மீன்கார அக்காவின் காலில் கம்பி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. நான் குனிந்து கேட்டேன்.

"அக்கா, வண்டிய ஓட்டுனது யாருன்னு பாத்தீங்களா?"

"பாக்காம இன்னா? தொப்பி போட்ட சொல்தா. என் கண்ணுக்கு நேராத்தானே வந்தாரு."

"போலீஸ்ல அதச் சொல்றீங்களா?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். என் முகத்தில் அப்பாவின் சாயல் அதிகம்.

"நீ அந்த பஸ் டிரைவர் பொண்ணுதானே. என்னைத் தூக்கினாரே, அவரு பொண்ணு."

"ஆமா."

"நேத்து வக்கீலுன்னு ஒருத்தரு வந்து எல்லாம் வெளக்குனாரும்மா. சொல்தா பேரச் சொன்னா கேஸு நிக்காதாம். உங்கப்பா பேருன்னா சீக்கிரம் கிடைக்குமாம்." தொங்குகிற காலைப் பார்த்தபடி, "நான் கூடையத் தூக்கினு நடக்கணும். எனக்குக் காலு வேணும். உங்கப்பா நல்லவரு, எனக்குத் தெரியும். நீ என்மேல கோச்சுக்காத" என்றாள்.

கோபித்துக்கொள்ள அவளிடம் என்ன இருக்கிறது? கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது. உண்மையைச் சொன்னால் அவள் கால் போகும், சொல்லாவிட்டால் அப்பாவின் பிழைப்பு போகும். இந்த இரண்டையும் தட்டில் வைத்து எங்கள் கையில் கொடுத்த மனுஷன் மாடியில் உட்கார்ந்து ரேடியோவில் பிரெஞ்சுச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

கோர்ட்டில் அப்பா குற்றத்தை ஒப்புக்கொண்டார். லைசன்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். கம்பெனியில் ஆறு மாதமெல்லாம் காத்திருக்கவில்லை. ஆக்சிடெண்ட் கேஸ் இருக்கிறவரை ஸ்டாஃப் பஸ்ஸில் வைக்க முடியாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, பஸ்ஸில் தூங்குகிற பெண்களுக்கு அவர்தானே பொறுப்பு. தெரிந்தவர்களைப் பிடித்து அப்பாவுக்கு சேதராப்பட்டிலேயே வேறொரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. கேட்டைத் திறந்து பஸ்களை உள்ளே விடுகிற வேலை. மீன்கார அக்காவுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. ஒரு வருஷத்தில் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்து மறுபடி மீன் விற்க வந்தாள். எங்கள் வாசலில் மட்டும் கூவாமல் நிற்பாள்.

முசே மாறவில்லை. மாறிவிட்டார், குற்ற உணர்ச்சியில் உருகினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்பாவைப் பார்த்தால் தொப்பியை முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கினார். ஒரு நாள், "இனிமே என் வண்டிய நீங்களே ஓட்டுங்களேன், நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றார். அப்பா பணிவாக, "லைசன்ஸ நிறுத்தி வச்சிருக்காங்க சார்" என்றார். முசே, "ஆமால்ல" என்றார். மறந்துபோயிருந்தார். அப்பா அதையும் ஒரு வேடிக்கை மாதிரிதான் எங்களிடம் வந்து சொன்னார். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

கடைசியில் முசே லைசன்ஸ் எடுக்க வந்தார். ஒரு சனிக்கிழமை, எங்கள் டிரைவிங் ஸ்கூலுக்கே. வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் தடி. பின்னால் அவருடைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு என் அப்பா. கேட்டீர்களா, அப்பா. நைட் ஷிப்டு முடிந்து தூங்காமல் வந்திருந்தார்.

"எல்லாம் முறையா இருக்கட்டும்" என்று முசே விண்ணப்பத்தை என் கையில் வைத்தார். அடுத்து என்ன சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை.

நான் நிரப்பினேன். பெயர், தகப்பனார் பெயர், விலாசம், பிறந்த தேதி, ரத்த வகை. எழுதிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டேன். ஓட்டத் தகுதியில்லை என்று எப்போதாவது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறாரா என்று கேட்கிற கட்டம். எத்தனையோ நூறு பேருக்கு யோசிக்காமல் 'இல்லை' போட்டிருக்கிறேன். தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன்.

"இத நீங்களே எழுதுங்க."

"என்ன கேக்குறான் இதுல?"

கிளாசுக்கு வந்து காத்திருந்த நாலைந்து பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்துக் காட்டினேன். முசே என்னைப் பார்த்தார். முதல் தடவையாக என்னிடம் ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால், ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவர் திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

"இல்லன்னு எழுதுங்க சார்" என்றார் அப்பா. "உங்கள யாரும் நிறுத்தலையே."

முசே சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து எழுதினார். அழகான கையெழுத்து. கை நடுங்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுங்கவில்லை.

டெஸ்ட்டில் அருமையாக ஓட்டினார். மைதானத்தில் முன்னாலும் பின்னாலும் வண்டிகள் இருந்தன. இரண்டு வருஷம் இங்கே ஓட்டினார், பிறகு உடம்பு முடியாமல் பிள்ளைகளிடம் போய்விட்டார். நாங்களும் பக்கத்துத் தெருவுக்கு வீடு மாறிவிட்டோம். நான் இப்போது அதே ஸ்கூலில் வண்டியும் சொல்லித் தருகிறேன். பிரான்சுக்கோ ஜெர்மனிக்கோ போகிற பையன்கள் வந்து, 'அக்கா, இந்த லைசன்ஸ் அங்க செல்லுமா' என்று கேட்டால் கொஞ்சம் கடுமையாகத்தான் பதில் சொல்கிறேன். குடி போன ஊரில் அந்த ஊர் சட்டப்படி மாற்றிக்கொள், இல்லாவிட்டால் பஸ்ஸில் போ என்பேன். ஏன் இந்த அக்கா இப்படி எரிந்து விழுகிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது.

முசே லைசன்ஸ் எடுத்த அடுத்த வருஷம் அப்பாவின் ஹெவி லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. இனிமேல் ஓட்டப் போகிறீர்களா என்று கேட்டேன். "ஓட்டறனோ இல்லியோ, அது செத்துப் போவக் கூடாது" என்றார். ஸ்கூலிலிருந்து தாளை எடுத்துவந்து வீட்டிலேயே உட்கார்ந்து நிரப்பினேன். அப்பா தரையில் உட்கார்ந்து கேட் டியூட்டிக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அதே கட்டம் வந்தது. 'ஆம்' என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு கட்டம் இருக்கிறது. ஆம் என்றால், என்ன காரணம்?

என் பேனா நின்றதை அப்பா பார்த்துவிட்டார். எழுந்து வந்து தோளுக்கு மேலாகப் படித்தார். அவர் உடம்பில் தூக்கம் கெட்ட வாடை அடித்தது.

"கவனக்குறைவா வண்டி ஓட்டுனேன்னு எழுதும்மா" என்றார்.

எழுதினேன்.